மூச்சாத்தா வாக்கு

பதினோரு வருடமாக மூச்சாத்தா ஒரு தடவைகூடத் தப்பாக வாக்குச் சொன்னதில்லை என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் நுரையீரல் கிடைத்தவர்கள். கிடைக்காதவர்கள் அதைப் பற்றிப் பேச அதிக நாள் இருக்கவில்லை.

பூசாரி சென்னியப்பன் இரண்டு தரப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தவர். ஐம்பத்தாறு வயது, ஒட்டிய கன்னம், மடித்துக் கட்டாத வேட்டி. வாக்குக் கேட்க வருகிறவர்களிடம் ஒரு வாழைப்பழம்கூட வாங்கமாட்டார். அதனால்தான் அவர் பேச்சுக்கு அங்கே அத்தனை மதிப்பு.

நுரையீரலைத் தொட்டியில் வளர்க்கக் கற்றுக்கொண்டு பதினாறு வருடம் ஆகியிருந்தது. யாருடைய உடம்பும் அதை வேண்டாம் என்று தள்ளாது. பொருத்திய நாலாம் நாள் நோயாளி எழுந்து நடப்பார். சிக்கல் என்னவென்றால், ஒரு ஜோடி முற்றுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், அதிலும் பாதி தொட்டியிலேயே அழுகிவிடும். அந்த ஆஸ்பத்திரிக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு ஜோடி தேறினால் பெரிய காரியம். கொங்கு நாட்டிலோ மூச்சுக்குத் தவிக்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. நூல் மில், சாயப்பட்டறை, பழைய பேட்டரி உடைக்கிற ஷெட் என்று ஆளுக்கொரு விதமாக நெஞ்சைக் கெடுத்துக்கொள்ள எல்லா வசதியும் இருந்தது.

யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய முதலில் ஒரு மெஷினை வைத்தார்கள். நோயாளியின் வயது, ரத்தம், இருதயம் எல்லாவற்றையும் பார்த்து, யாருக்குக் கொடுத்தால் அதிக வருடம் பிழைப்பார் என்று அது திரையில் பெயரைப் போடும். மெஷின் நியாயமானதுதான், யாரிடமும் கை நீட்டாது. ஆனால் பெயர் வராதவனின் அண்ணன் தம்பிகள் திரையை உடைத்தார்கள். அடுத்த தடவை ஒரு டாக்டரின் கையை உடைத்தார்கள். பெற்ற பிள்ளை சாகட்டும் என்று ஒரு மெஷின் சொன்னால் அதற்குச் சரி என்று தலையாட்ட எவனுக்கு மனசு வரும்?

அப்போதிருந்த பெரிய டாக்டர் சாமி கும்பிடாதவர். அவருக்குத்தான் இந்த யோசனை வந்தது. கல்யாணம் கூட்டுவதற்கும் கிணறு வெட்டுவதற்கும் அம்மனிடம் பூவாக்குக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். சிலையின் இரண்டு தோளிலும் நனைத்த பூவை ஒட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் சரி, இடப்பக்கத்துப் பூ விழுந்தால் வேண்டாம். அதையே ஆஸ்பத்திரிக்குத் தகுந்த மாதிரி மாற்றினார்கள். இரண்டு நோயாளிக்கு இரண்டு பூ. வலத்தோளில் செவ்வரளி, இடத்தோளில் வெள்ளரளி. எது முதலில் விழுகிறதோ அவருக்கு நுரையீரல். முன் கூடத்தில் கோயில் எழும்பியது, சிலை வந்தது, கும்பாபிஷேகம் நடந்தது. அம்மனுக்கு வைத்த பெயர் வேறு, ஆனால் சனங்கள் மூச்சாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். அதற்கப்புறம் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

வேறு மதத்துக்காரர்களுக்கும் சாமியே வேண்டாம் என்கிறவர்களுக்கும் தனி வழி ஒன்று விதிமுறையில் இருந்தது. மனு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் மூச்சுவிட முடிகிறவனுக்கு வேறு நுரையீரல் எதற்கு? எல்லோரும் வாக்குக்கே கையெழுத்துப் போட்டார்கள்.

சென்னியப்பனுக்கு இதில் துளி சந்தேகமும் கிடையாது. அதற்கு அவரிடம் ஒரு காரணம் இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. பூவை வைத்துவிட்டுக் கையை எடுக்கும்போது ஆத்தாளின் கல்தோள் லேசாக அதிரும். ஈ சிறகடிப்பது போல, விரல் நுனிக்கு மட்டும் தெரியும். மற்ற நாளில் குளிப்பாட்டும்போதும் சேலை சாத்தும்போதும் அது இருக்காது. வாக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான். ஆத்தா வந்துவிட்டாள் என்று அவருக்கு உடம்பு சிலிர்க்கும், கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். சிறுவயதிலிருந்து எத்தனையோ கோயிலில் மணியடித்தும் கிடைக்காதது இங்கே கிடைத்தது என்று நினைத்துக்கொள்வார்.

அவர் மனைவி மேகலா இருபத்திரண்டு வருடம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். தறிகெட்டு இருமத் தொடங்கி, பிறகு படியேற முடியாமல் போய், கடைசியில் மூக்கில் குழாயோடு அதே ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். அந்தப் புதன்கிழமை காலையில் வாக்குப் பட்டியல் வந்தது. வலது பூ மேகலா, ஐம்பத்திரண்டு வயது. இடது பூ இனியன், இருபத்து நாலு வயது, பேட்டரி ஆலையில் பொறியாளர்.

சென்னியப்பன் பட்டியலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராக நிர்வாகி அறைக்குப் போனார். டாக்டர் ஹரிணி அங்கே வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நல்ல பெண், யாரையும் எடுத்தெறிந்து பேசமாட்டாள்.

"இந்த வெள்ளிக்கிழமை என்னால ஆகாதுங்க டாக்டரம்மா. வேற யாரையாச்சும் நிறுத்துங்க."

"ஏனுங்க ஐயா?"

"எம்பட பொண்டாட்டி பேரு வந்திருக்குது. பூவைக் கைல எடுத்தா மனசு ஒரு பக்கமாச் சாயும். ஆத்தா முன்னால நின்னுக்கிட்டு அந்தத் தப்பை நான் பண்ண மாட்டேன்."

"வேற யாரு நின்னாலும் சனங்க ஒத்துக்க மாட்டாங்க ஐயா. உங்க கையின்னாத்தான் அடங்கிப் போறாங்க."

"எனக்குக் கை ஓடாதுங்க."

ஹரிணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உண்மையைச் சொன்னால் இந்த மனிதருக்குப் பாரம் குறையும் என்று அவள் மனதார நம்பினாள். படித்தவர்கள் பல பேர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

"ஐயா, உங்க மனசு எந்தப் பக்கம் சாஞ்சாலும் ஒண்ணும் ஆகாது. சிலையோட தோளுக்குள்ள ரெண்டு பக்கமும் சின்னதா ஒரு தகடு வச்சிருக்குது. மெஷின் யாரு பேரைச் சொல்லுதோ அந்தப் பக்கத்துத் தகடு அதிரும். பூ விழும். அவ்வளவுதானுங்க."

சென்னியப்பன் தன் வலது கை விரல்களைப் பார்த்தார்.

"லேசா ஒரு அதிர்வு வருமே. அதுங்களா?"

"ஆமாங்க."

"அது மோட்டருங்களா?"

"மோட்டர் மாதிரிதானுங்க."

"எப்ப இருந்து?"

"முதல் நாள்ல இருந்தே. எனக்கும் இங்க வந்து சேந்த பொறகுதான் சொன்னாங்க. நீங்க யாரையும் சாகவிடல, யாரையும் காப்பாத்தவும் இல்ல. அப்படி நெனச்சுக்கங்க ஐயா, மனசு லேசாயிரும்."

அவர் மனசு லேசாகவில்லை. "மெஷினுக்கு முன்னாலயே தெரியும்னா ரெண்டாவது ஆளு எதுக்குங்க?" என்று கேட்டார்.

ஹரிணி மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "ஒருத்தரை மட்டும் கொண்டாந்து நிறுத்தினா அதுக்கு வாக்குன்னு பேரு இல்லீங்களே."

"மேகலா மொதலுங்களா, ரெண்டாவதுங்களா?"

"அக்காவுக்கு இருதயமும் பழுதுங்க ஐயா. நுரையீரல் வச்சாலும் நாலு வருசம்னு மெஷின் சொல்லுது. அந்தப் பையனுக்கு நாப்பது."

"அப்ப அடுத்த வாக்குக்கு?"

"பேரு வரும். ஆனா எப்பவும் யாராச்சும் அவங்களைவிடச் சின்னவங்க இருப்பாங்க." அவள் குரல் தணிந்தது. "மூணு வாரம் தாங்குவாங்க. அதுக்கு மேல கஷ்டம்."

"அந்தப் பையனுக்கு இந்தத் தடவை இல்லீன்னா?"

"பத்து நாளு. ரொம்பப் போனா பன்னெண்டு."

அவர் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பதினோரு வருடத்தில் இருநூற்று எண்பது குடும்பத்துக்கு மேல் முகத்துக்கு நேராக நின்று, ஆத்தா வேண்டாம்னுட்டா, மனசைத் தேத்திக்குங்க என்று சொல்லியிருக்கிறார். ஒரு கிழவர் அவர் தோளில் சாய்ந்து அரைமணி நேரம் அழுதார். ஒரு பெண், ஆத்தாளே சொல்லிவிட்டாள் என்று தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அத்தனையும் ஒரு மோட்டார் பண்ணிய வேலைக்கு. அவர்களையெல்லாம் ஏமாற்றியது ஆஸ்பத்திரிதான், ஆனால் வாய் அவருடையது.

மேலே போனார். மேகலா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கித்தான் பேச முடியும்.

"பேரு வந்திருக்குதாமா மாமா. நர்ஸம்மா சொன்னா."

"ம்."

"உங்க கைல நடக்குதே, அதே போதும். எனக்கு விழலீன்னாலும்... நீங்க அழுவக்கூடாது. அந்தப் பையன் சின்னப் பையனாமா. ஆத்தாளுக்குத் தெரியும்."

"ஆத்தாளுக்கு என்ன புள்ள தெரியும்?" என்று அவர் சட்டென்று கேட்டுவிட்டார்.

அவள் பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடத்தில் அவர் வாயில் இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. அவர் தண்ணீர் எடுத்துத் தருவது போலத் திரும்பிக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் இனியனின் அம்மா கோயிலுக்கு வந்தாள். பெயர் வெண்ணிலா. அரசுப் பள்ளியில் இயற்பியல் டீச்சர், புருஷன் இல்லை, ஒரே மகன். அவள் அப்பா காலத்திலிருந்தே சாமி படம் இல்லாத வீடு. நெற்றியில் ஒன்றும் இல்லாமல், கைப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் நிற்பது போலச் சிலைக்கு முன்னால் நின்றாள்.

"எப்படிப் பண்ணுவீங்கன்னு தெரிஞ்சுக்கலாங்களா?"

அவர் விளக்கினார். ஒரே அளவு பூ, ஒரே செம்புத் தண்ணீர், ஒரே நேரத்தில் கையை எடுப்பது.

"தோளைத் தொட்டுப் பாக்கலாங்களா?"

"பூசாரி தவிர யாரும் தொடக்கூடாதுங்க டீச்சர். வழக்கம்." சொல்லும்போதே அந்த வழக்கம் எதற்கு வைத்தது என்று அவருக்கு இப்போது புரிந்தது.

அவள் வற்புறுத்தவில்லை. "எனக்கு நம்பிக்கை கெடையாதுங்க. ஆனாப் பூவுக்கு யாரையும் தெரியாது. மெஷின்னா அதுக்குப் பின்னால ஆளு இருக்கும். அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்."

"வலது பூ எம்பட வீட்டுக்காரிங்க. தெரியுங்களா?"

"சொன்னாங்க. உங்களைப் பத்தி நாலு பேர்கிட்ட விசாரிச்சேன். எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னாங்க. வாக்கை நீங்களே கேளுங்க. எனக்கு ஆட்சேபணை இல்லை."

கவலைப்படாதீங்க டீச்சர், உங்க பையனுக்குத்தான் விழும் என்று சொல்லிவிட அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் மேலே இரண்டாவது மாடியில் ஒருத்தி நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். அவர் விளக்குத் திரியைத் தூண்டினார்.

ஆத்தாளுக்கு வெள்ளியில் கண்மலர் உண்டு. அதை ஒட்டுவதற்கு ஒரு சின்ன டப்பாவில் தேன்மெழுகு வைத்திருப்பார். வெண்ணிலா போன பிறகு அந்த டப்பாவைத் திறந்து ஒரு கிள்ளு எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். உருட்ட உருட்ட இளகியது. பாவம் என்று தோன்றவில்லை. யார் பார்க்கிறார்கள் இங்கே? கல், தகடு, ஒரு மெஷின். மெஷினை ஏமாற்றினால் அது பாவக் கணக்கில் வருமா? நாற்பது வருடமாக எதைச் செய்தாலும் ஆத்தா பார்க்கிறாள் என்று பழகிய மனிதருக்கு, பார்க்க யாருமில்லை என்று தெரிந்த முதல் நாளே இந்தக் கேள்விதான் வந்தது.

ஆனால் அந்தப் பையன் சாவான். அதுவும் அவருக்குத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றும் மிச்சமில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. வாக்கு நாளில் மற்ற நோயாளிகளின் வீட்டாரும் வந்து நிற்பார்கள். மேகலாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து வலப்பக்கம் நிறுத்தினார்கள். இனியன் இடப்பக்கம். உயரமான பையன், நெஞ்சுக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. மேகலாவைப் பார்த்து, "வணக்கங்க அத்தை" என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசி வரிசையில் ஹரிணி நின்றாள்.

சென்னியப்பன் தீபாராதனை காட்டினார். செவ்வரளியையும் வெள்ளரளியையும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டிவிட்டுச் செம்பில் முக்கினார். வெள்ளரளியின் காம்பில் கட்டைவிரலால் ஒரு அழுத்து. மெழுகு பிடித்துக்கொண்டது. செவ்வரளியைத் தோளின் சரிவில், நிற்குமா விழுமா என்கிற இடத்தில் வைத்தார். பதினோரு வருடம் பூ வைத்த கைக்கு அந்த இடம் தெரியும். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் எடுத்தார். கை நடுங்கியது.

இடத்தோள் அதற்குள் அதிரத் தொடங்கியிருந்தது. விரலை எடுக்கும் முன்பே உணர்ந்தார். ஆத்தா வரவில்லை, மெஷின் வந்துவிட்டது. வெள்ளரளி துடித்தது, ஆனால் இடத்தை விடவில்லை. கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். இவ்வளவு நேரம் எந்த வாக்குக்கும் ஆனதில்லை. ஒரு நிமிடம் போயிருக்கும். செவ்வரளி மெல்லச் சாய்ந்து, வழுக்கி, ஆத்தாளின் மடியில் விழுந்தது.

குலவைச் சத்தம் கிளம்பியது. மேகலா அழுதுகொண்டே ஆத்தாளைக் கும்பிட்டாள். இனியன் தலையைக் குனிந்துகொண்டான். பதினோரு வருடமாகச் சொன்ன அதே வார்த்தையைச் சென்னியப்பன் இடப்பக்கம் திரும்பிச் சொன்னார்.

"ஆத்தா வேண்டாம்னுட்டா. மனசைத் தேத்திக்குங்க."

வெண்ணிலா அவர் அருகில் வந்து கைகூப்பினாள். சிலையை அவள் பார்க்கவில்லை. "நான் கும்பிடறது உங்களைத்தானுங்க. சந்தேகம் வராம இல்லை. உங்க கையையேதான் பாத்துட்டு நின்னேன். நடுங்குச்சு. ஏமாத்தறவங்க கை நடுங்காது."

அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மத்தியானம் ஹரிணி அவரைக் கூப்பிட்டு அனுப்பினாள். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"எதை வச்சு ஒட்டினீங்க?"

"மெழுகுங்க."

"அந்தப் பையன்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது. "நான் யாருகிட்டப் போயிச் சொல்றதுங்க ஐயா? உங்களைச் சொன்னா தகட்டையும் சொல்லோணும். தகட்டைச் சொன்னா நாளைக்கு இந்தக் கட்டடம் இருக்காது. உங்களுக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் பண்ணியிருக்கீங்க."

"ஆமாங்க."

"மெஷின் என்ன எழுதியிருக்குது தெரியுங்களா? தகடு பழசாயிருச்சாமா, பலம் பத்தலையாமா. புதுசு மாத்தச் சொல்லுது. ஒரு மனுசன் இப்படிப் பண்ணுவான்னு அதுக்குத் தோணவே இல்லை."

அன்று சாயங்காலம் மேகலாவை அறுவைக்கு எடுத்துப்போனார்கள். இனியன் பதினோராம் நாள் விடியும்போது செத்துப்போனான். அடுத்த வாக்குக்கு நாலு நாள் இருந்தது. அதில் அவன் பெயர்தான் முதலில் இருந்ததாக ஹரிணி பிறகு ஒரு நாள், கேட்காமலே, அவரிடம் சொன்னாள்.

மேகலா தேறினாள். படியேறினாள். காலையில் தானே வந்து கோயில் கூடத்தைக் கூட்டி, ஓரமாக உட்கார்ந்து பூக்கட்டினாள். இனியன் பேச்சு வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள், பிறகு ஆத்தா இருக்கச் சொல்லிவிட்டாள், இருக்கிறேன் என்பாள். அவள் மூச்சுச் சத்தமில்லாமல் தூங்குவதைப் பார்க்கும்போது செய்தது சரி என்று சென்னியப்பனுக்குத் தோன்றும். சோறு தின்ன உட்கார்ந்தால் தோன்றாது. வேலையை விட்டுவிடலாம் என்றால் மேகலா காரணம் கேட்பாள். புதுத் தகடு பழையதைவிட நன்றாக அதிர்ந்தது. அவர் பூ வைத்தார், மெஷின் தள்ளியது, சனங்கள் கும்பிட்டுக்கொண்டு போனார்கள்.

ஏழு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு, வெண்ணிலா வந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். நெற்றியில் திருநீறு. அது பழக்கமில்லாத கை பூசியது என்று பார்த்ததுமே தெரிந்தது, ஒரு பக்கம் தடிப்பாக இருந்தது. கையில் இரண்டு பொட்டலம் பூ.

"எனக்கொரு வாக்குக் கேக்கோணுங்க."

"டீச்சர், நீங்க..."

"கும்பிடாதவதான். அதுதானுங்க கேள்வியே." அவள் பொட்டலத்தை நீட்டினாள். "எனக்குத் தூக்கம் வர்றதில்லைங்க. அன்னைக்கு எல்லாரும் கும்பிட்டாங்க, நான் கையக் கட்டிட்டு நின்னேன். தோளைத் தொட்டுப் பாக்கலாமான்னு வேற கேட்டேன். நான் கும்பிடாததாலதான் எம்பையனை வேண்டாம்னாளா? தப்பு எம்மேலதானான்னு கேட்டுச் சொல்லுங்க. வலது விழுந்தா ஆமா. இடது விழுந்தா இல்லை."

அவர் பூவை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மெழுகு டப்பா காலடியில்தான் இருந்தது. வலது பூவுக்கு ஒரு கிள்ளு வைத்தால் போதும். இடது விழும், தப்பு உன் மேல் இல்லை தாயே என்று சொல்லி அனுப்பிவிடலாம். பாவத்துக்கு ஒரு தடவை செய்ததைப் புண்ணியத்துக்கு ஒரு தடவை செய்தால் என்ன? கை டப்பாவை நோக்கிப் போனது.

ஆனால் இன்று பட்டியல் இல்லை. மெஷினுக்கு இந்த வாக்கு தெரியாது. தகடு சும்மா கிடக்கும். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக மெஷினும் அவர் கையும் தலையிடாமல் ஒரு பூ விழப்போகிறது. இந்தக் கல்லுக்குள் தகட்டைத் தவிர யாராவது இருந்தால், பேசுவதற்கு இதைவிட்டால் நேரமில்லை. அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. பசித்தவன் சோற்றைப் பார்ப்பது போல ஆத்தாளின் முகத்தைப் பார்த்தார். கேள்வி அந்தப் பெண்ணுடையது, அதை அவர் தனக்காகக் கேட்டார்.

மெழுகை எடுக்கவில்லை. இரண்டு பூவையும் நனைத்து, ஒரே மாதிரி வைத்து, கையை எடுத்தார். கல் சில்லென்று இருந்தது, எந்த அசைவும் இல்லை. இருவரும் நின்றார்கள். ஓரத்தில் மேகலா பூத்தொடுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். பூவின் ஈரம் காய்கிற நேரம்வரை ஒன்றும் நடக்கவில்லை.

வலது பூ விழுந்தது.

அதில் ஆத்தா இருந்தாளா, காற்று இருந்ததா, ஈரம் காய்ந்த கணக்கு இருந்ததா என்று சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், கேட்டும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் வெண்ணிலாவின் முகம்தான். அவள் அழவில்லை. நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"சரிங்க," என்றாள். "அப்படித்தான் இருக்கும்னு எனக்கும் தோணுச்சு."

ஒரு வார்த்தை சொன்னால் போதும். தப்பு உங்க மேல இல்லை டீச்சர், இந்தக் கைதான். அவர் வாயைத் திறந்தார். மேகலா எழுந்து வந்து வெண்ணிலாவின் பக்கத்தில் நின்று அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இரைப்பே இல்லாமல், ஒரே மூச்சில் பேசினாள்.

"ஆத்தாகிட்டச் சொல்லிட்டா அவ மன்னிச்சிருவாளுங்க டீச்சர். மாமா, இதுக்கு என்ன பண்ணோணும்னு டீச்சருக்குச் சொல்லுங்க."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேகலாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து நெய் விளக்குப் போடுங்க," என்றார். "சரியாயிரும்."

"எத்தனை வாரங்க?"

"ஒம்பது."

வெண்ணிலா போனை எடுத்து அதைக் குறித்துக்கொண்டாள். விளக்கை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டுமா, இங்கேயே கிடைக்குமா என்று கேட்டாள். இங்கேயே கிடைக்கும் என்று அவர் சொன்னார்.